நேர்மையான ஏமாற்றுக்கு மதிப்பெண் இடுவது எப்படி?

ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்குக் குறுக்கெழுத்துக் குறிப்பு ஒன்று எழுதுங்கள் என்று நூறு பேரைக் கேட்டால் நூறு குறிப்புகள் வரும். அவற்றில் முதல் பரிசு எதற்கு? லண்டன் 'அப்சர்வர்' வார இதழின் குறுக்கெழுத்துப் பகுதியில் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்துவரும் கேள்வி இது. பார்வைக்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குச் சொல்லப்பட்ட விடைகளிலிருந்தே கிரிப்டிக் குறுக்கெழுத்தின் இலக்கணம் பெருமளவு உருவானது. அந்த இலக்கணத்தை ஏற்பவர்கள், மறுப்பவர்கள் என்று இரண்டு அணிகளும் உண்டாயின. இவ்விரு அணிகளுக்கும் இடையிலான சண்டை பெரும்பாலும் ரசனைச் சண்டையாகவே எழுதப்பட்டுவருகிறது. வேறொரு கோணம் இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது. கண்டிப்பான விதிகளைப் புதிரை அவிழ்ப்பவருக்கான வாக்குறுதியாக மட்டும் பார்க்க முடியாது. போட்டிக்கு வந்து குவிந்த குறிப்புகளைத் தரம் பிரிக்க வேண்டியிருந்த நடுவரின் கருவியாகவும் அவை வளர்ந்திருக்கின்றன. அப்படிக் கொண்டால் விதிகளின் வலிமையும் அவற்றின் எல்லையும் ஒருசேரப் புலப்படும்.

குறிப்பின் கட்டுமானம்

சாதாரணக் குறுக்கெழுத்தில் குறிப்பு என்பது அகராதிப் பொருள். அதில் போட்டி வைக்க ஒன்றுமில்லை. கிரிப்டிக் வகையில் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி விடையின் பொருளைச் சொல்லும். மறுபாதி விடையின் எழுத்துகளைக் கட்டிக் காட்டும். இரண்டும் ஒட்டி ஒரே வாக்கியமாகி, முற்றிலும் வேறொரு விஷயத்தைப் பேசுவதுபோல் பாசாங்கு செய்யும். இந்தக் கட்டுரைக்காகவே அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம்: 'பெரிய மன்னனுக்குள் ஒளிந்திருக்கும் காலன் (3)'. படித்ததும் பழைய கதையின் வாசனை அடிக்கிறது. ஆனால் 'பெரிய மன்னன்' என்ற இரு சொற்களின் எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் நடுவில் 'யமன்' ஒளிந்திருப்பது தெரியும். 'காலன்' என்பது அதன் பொருள். வாக்கியத்தில் வீணான சொல் ஒன்றுமில்லை. இன்னொன்று: 'சிவாவைத் திருப்பிப் படி (2)'. சிவாவைத் திருப்பினால் 'வாசி', படி என்றாலும் 'வாசி'. மேலோட்டமாகப் படிக்கும்போது கிடைக்கும் கதையை இங்கே மேல்வாசிப்பு என்று அழைக்கலாம். குறிப்பின் அழகு பெரும்பாலும் இந்த மேல்வாசிப்பில்தான் இருக்கிறது. அதன் நேர்மை அடியில் உள்ள எழுத்துக் கணக்கில் இருக்கிறது. போட்டிக்கு எழுதும் கலை இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்றும் கலை.

மூன்று விசாரணைத் தலைவர்கள்

ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில் இந்த ஏமாற்றெல்லாம் கிடையாது. விளையாட்டு அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் குறிப்பு வளைந்து நெளியத் தொடங்கியது. முழுக்க முழுக்க மறைமுகக் குறிப்புகளால் புதிர் அமைத்த முதல்வராகக் கருதப்படுபவர் எட்வர்ட் போவிஸ் மேத்தர்ஸ். கவிஞர், மொழிபெயர்ப்பாளர். ஸ்பெயினின் மதவிசாரணைத் தலைவர் தோர்க்கெமாடாவின் பெயரைப் புனைபெயராகச் சூடி, 1926 முதல் 1939இல் இறக்கும்வரை அப்சர்வரில் புதிர் போட்டார். செய்யுளில் குறிப்புகள், இலக்கியச் சாடைகள், பாதி நினைவில் நிற்கும் மேற்கோள்கள் என்று அவருடைய உலகம் பரந்தது. விடையைக் கண்டுபிடித்த பிறகும் அதுதான் விடையா என்ற ஐயம் வாசகரை விடாது. குறிப்பு விடையை நோக்கி ஒரு கையை அசைத்தால் போதும் என்பது அவருடைய நடைமுறையிலிருந்து கிடைக்கும் முதல் நிலைப்பாடு. வாசகரும் அமைப்பவரும் ஒரே நூலகத்தில் வளர்ந்தவர்களாக இருக்கும்வரை இது நடக்கும். அந்த நூலகத்துக்கு வெளியே இருப்பவருக்கு இதில் பிடிமானம் இல்லை.

அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் டெரிக் சாமர்செட் மக்னட். ஹார்ஷம் அருகே உள்ள கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஆசிரியர். அவரும் ஒரு விசாரணைத் தலைவரின் பெயரையே எடுத்துக்கொண்டார்: ஷிமெனீஸ். 1971இல் இறக்கும்வரை புதிர் அமைத்தார். 1966இல் வெளிவந்த அவருடைய நூல், குறிப்பு எழுதும் கலைக்கு இன்றுவரை சட்டப் புத்தகம்போல் எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் கரு அவருக்கு முந்திய ஒருவரிடமிருந்து வந்தது. அஃப்ரிட் என்ற பெயரில் புதிர் அமைத்த ஏ. எஃப். ரிட்சி, 1949இல் வெளியிட்ட நூலில் ஓர் ஒப்பந்தத்தை வகுத்தார். அமைப்பவர் தாம் சொல்வதுபோல் தோன்றுவதை நினைத்திருக்கத் தேவையில்லை, ஆனால் நினைத்ததைச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம். இதைத்தான் ஷிமெனீஸ் விதிகளாக நீட்டினார். மூன்றாமவர் ஜோனாதன் கிரவுதர். 1972இல் பொறுப்பேற்றார். டேஸா என்ற விசாரணைத் தலைவரின் பெயரை ஆங்கிலத்தில் திருப்பிப்போட்டால் 'அஸெட்' வரும். அதற்குள்ளேயே ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அடங்கியிருக்கின்றன. புனைபெயரே ஒரு குறிப்பு! சரியான பொருள், நியாயமான எழுத்துக் காட்டுதல், இவ்விரண்டைத் தவிர வேறெதுவும் இல்லாமை: நல்ல குறிப்பின் இலக்கணத்தை இப்படி மூன்றே அம்சங்களுக்குள் சுருக்கியதில் அஸெட்டின் பங்கு பெரிது.

மூன்றாவது அம்சம்தான் மிகவும் கடுமையானது. 'கவிதை' என்ற விடைக்கு 'கம்பர் முதலில் இட்ட வித்து ஒரு பா (3)' என்று எழுதினால், கம்பர் என்பதன் முதலெழுத்து 'க', வித்து என்றால் 'விதை', பா என்பது பொருள். கணக்கு சரி. இதையே 'அயோத்தியை நினைத்துக் கம்பர் முதலில் இட்ட வித்து ஒரு பா' என்று நீட்டினால் மேல்வாசிப்பு இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் அயோத்தி எந்த வேலையும் செய்யவில்லை. ஷிமெனீஸ் வழி நடுவர் இதை அந்த இடத்திலேயே கழித்துவிடுவார். அதேபோல், 'தாவரம்' என்ற விடைக்கு 'வரம் தா' என்பதைக் கலைத்துத் தருவது செல்லும்: 'குழம்பிப்போய் வரம் தா எனும் செடிகொடி (4)'. 'வரம்' என்று சொல்லாமல் 'தவத்தின் பயன்' என்று சொல்லிவிட்டு, அதை வாசகரே 'வரம்' என்று ஊகித்துப் பிறகு கலைக்க வேண்டும் என்றால் செல்லாது. எழுத்துகளையே கொடுக்காமல் அவற்றைக் கலைக்கச் சொல்வது நியாயமில்லை என்பது தடையின் காரணம். கலைக்கச் சொல்லும் சொல்லும் இலக்கணப்படி ஏவ வேண்டும். 'வரம் தா குழப்பம்' என்று பெயர்ச்சொல்லைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட முடியாது.

விதிகள் எந்தத் தேவையிலிருந்து வளர்ந்தன

போட்டி நடக்கும் விதத்தைக் கவனித்தால் விதிகளின் பிறப்பு ஓரளவு விளங்கும். போட்டிப் புதிரில் ஓரிடத்தில் குறிப்புக்குப் பதிலாக வெறும் அகராதிப் பொருள் மட்டும் கொடுக்கப்பட்டிருக்கும். வாசகர் புதிரை முழுக்க அவிழ்த்து, அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து, அதற்குத் தாமே ஒரு கிரிப்டிக் குறிப்பு எழுதி, எழுத்துக் கணக்கின் விளக்கத்தோடு அனுப்ப வேண்டும். முதல் மூன்று இடங்களுக்குப் பரிசு. அடுத்த நிலைகளில் 'மிகவும் பாராட்டத் தக்கவை', 'பாராட்டத் தக்கவை' என்ற பட்டியல்கள். ஆண்டிறுதியில் புள்ளிகளைக் கூட்டித் தரவரிசை. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு துண்டறிக்கை உண்டு. பரிசு பெற்ற குறிப்புகளை அச்சிட்டு, இந்த மாதம் வந்தவற்றில் எந்தப் பிழை அடிக்கடி தென்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்று நடுவர் அதில் பேசுவார். அவர்கள் வட்டாரத்தில் இதற்குப் பெயர் 'ஸ்லிப்'.

நீதிமன்றத் தீர்ப்புகள் முன்னுதாரணமாகிச் சட்டம் வளர்வதுபோல் இந்த ஸ்லிப்புகளால் குறிப்பின் இலக்கணம் வளர்ந்தது என்று வாதிட இடமிருக்கிறது. நாளிதழில் தினம் புதிர் போடுபவர், தம் குறிப்பில் ஒரு சொல் மிகையாக இருப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பை ஒதுக்கிவைக்கும் நடுவருக்கு அது முடியாது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று எழுதினால் அடுத்த மாதம் போட்டிக்கு யார் வருவார்கள்? தோற்றவர் ஒப்புக்கொள்ளக்கூடிய காரணம் வேண்டும். 'மூன்றாவது சொல் வேலை செய்யவில்லை' என்பது அப்படிப்பட்ட காரணம். மக்னட்டின் தொழிலையும் இங்கே நினைவில் வைக்கலாம். ஆங்கிலப் பத்தியை லத்தீனில் ஆக்கச் சொல்லி மாணவர் தாளைத் திருத்துபவருக்கு, முதலில் பிழையை எண்ணுவதும் பிழையற்றவற்றுள் நடையைப் பார்ப்பதும் பழக்கமான முறை. அவருடைய குறுக்கெழுத்து விதிகளில் அந்தச் சிவப்பு மையின் தடம் தெரிவதாகச் சொன்னால் மிகையாகாது.

இதற்கு எளிதான மறுப்பு ஒன்று உண்டு. அஃப்ரிட்டின் ஒப்பந்தம் போட்டிக் களத்திலிருந்து வரவில்லை. அவிழ்ப்பவருக்கும் அமைப்பவருக்கும் இடையிலான நியாயம் பற்றியே அது பேசுகிறது. ஆக, நியாயம் என்ற எண்ணம் நடுவருக்கு முந்தியது. இது சரிதான். ஆனால் ஒப்பந்தத்தின் அளவுக்கும் விதிகளின் அளவுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். நினைத்ததைச் சொல்ல வேண்டும் என்ற ஒற்றைக் கொள்கையிலிருந்து, பெயர்ச்சொல்லால் கலைக்கச் சொல்லக் கூடாது என்பது தானாக வந்துவிடாது. வாசகர் அப்படிப்பட்ட குறிப்பையும் சிரமமின்றி அவிழ்க்கிறார். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து பற்றிய விதி இன்னும் நல்ல சான்று. சாதாரணச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி ஆளின் பெயர்போல் ஏமாற்றலாம், ஆனால் உண்மையான பெயரைச் சிறிய எழுத்தில் எழுதி ஏமாற்றக் கூடாது என்பது ஷிமெனீஸ் மரபு. அவிழ்ப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தொல்லை. கோடு எங்காவது போடப்பட வேண்டும், போட்ட கோடு எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பது நடுவரின் தேவை. கொள்கை அஃப்ரிட்டுடையது, நுணுக்கம் பெரிதும் போட்டியுடையது என்று பிரித்துச் சொல்வதே பாதுகாப்பு.

இதே முடிவுக்கு இன்னொரு வழியிலும் வரலாம். 'பிரின்டர்ஸ் டெவில்ரி' என்றொரு குறிப்பு வகை உண்டு. ஒரு வாக்கியத்திலிருந்து விடையின் எழுத்துகளை உருவியெடுத்து, மிச்சத்தை ஒட்டி, சொல்லிடைவெளிகளை மாற்றி, வேறொரு வாக்கியமாக்கிக் கொடுப்பார்கள். அதில் விடையின் பொருளும் இல்லை, வழக்கமான எழுத்துக் காட்டுதலும் இல்லை. மூன்று அம்சங்களில் முதலிரண்டும் காணாமல் போய்விட்டன. இதை உருவாக்கியவர் கண்டிப்புக்குப் பெயர்போன அதே அஃப்ரிட். இதில் போட்டி வைத்தவர்களும் கண்டிப்பான அணியினரே. விதியை முன்கூட்டி அறிவித்துவிட்டால் வேறு விதியின் கீழும் நேர்மையாக ஆடலாம் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இயற்கை நியதி என்று இவற்றைக் கொண்டாடுபவர்களுக்கு இது சங்கடமான செய்தி.

தளர்த்தியவர்களின் வழக்கு

எதிரணியின் பெயர் பெற்ற பிரதிநிதி 'கார்டியன்' நாளிதழில் அராகேரியா என்ற பெயரில் அரை நூற்றாண்டுக்கு மேல் புதிர் அமைத்த ஜான் கிரகாம் (1921–2013). மதகுருவாக இருந்தவர். தமக்குப் புற்றுநோய் வந்திருப்பதை வாசகர்களுக்கு 2013 ஜனவரியில் ஒரு குறுக்கெழுத்தின் வழியாகவே அறிவித்தவர். அவரும் அவர் வழி வந்தவர்களும் விதிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசகர் விடையை அடைந்ததும் 'அடடா' என்று ஒப்புக்கொண்டால் குறிப்பு நியாயமானதுதான். அந்த ஒப்புதலுக்கு இலக்கணச் சான்றிதழ் தேவையில்லை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். ஒரு சொல்லை நடுவில் வெட்டி இரண்டாகப் படிக்கச் சொல்வது, விடையின் பொருளையே விட்டுவிடுவது எல்லாம் அவர்களுக்குச் செல்லும். ஆங்கிலக் குறுக்கெழுத்துக்காரர்களிடையே பழமொழிபோல் வழங்கும் ஒரு குறிப்பு, எச் முதல் ஓ வரையிலான எட்டு எழுத்துகளை வரிசையாகத் தந்துவிட்டு ஐந்தெழுத்து விடை கேட்கிறது. 'எச் டூ ஓ' என்று ஒலித்துப் பார்த்தால் விடை தண்ணீர். பொருள் எங்கும் தரப்படவில்லை. கண்டிப்பானவர் இதைக் குறைபாடுள்ள குறிப்பு என்றே சொல்ல வேண்டும். ஆனால் இதைக் கேட்டதும் சிரிக்காத கண்டிப்பானவரைக் காண்பது அரிது.

இந்த வாதத்தின் பலவீனம், ஒப்புதல் யாருடையது என்பதில் இருக்கிறது. ஓர் அமைப்பவரின் குணத்தைப் பல ஆண்டுகள் பழகியவர் 'அடடா' என்பார். புதிதாக வந்தவர் பேனாவை வைத்துவிடுவார். தோர்க்கெமாடாவின் நூலகச் சிக்கலே வேறு உருவில் திரும்பி வருகிறது. அட்லாண்டிக்கின் மறுகரையில் நடந்ததும் இதற்குத் துணை நிற்கிறது. இசை நாடக ஆசிரியர் ஸ்டீவன் சோண்டைம் 1968இல் 'நியூயார்க்' இதழில் கிரிப்டிக் புதிர்களை அறிமுகப்படுத்தியபோது, பழக்கமில்லாத வாசகருக்கு விதிகளை விளக்கித்தான் தொடங்கினார். அமெரிக்கக் கிரிப்டிக் மரபு இன்றும் பொதுவாகப் பிரிட்டிஷ் நாளிதழ்களைவிடக் கண்டிப்பானது. கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விதி வெல்கிறது, பழகிய இடத்தில் தளர்ச்சி வெல்கிறது என்று இதைப் பொருள்கொள்ளலாம். போட்டியும் ஒரு வகையில் பழகாதவர்கள் கூடும் இடம்தான். அங்கே எழுதுபவர் ஒவ்வொருவரும் மற்றவருக்கு அந்நியர். அதனால் தளர்ச்சி அணியிலிருந்து போட்டிக்கென்று தனியான தீர்ப்பு முறை ஒன்று எழாதது தற்செயலாகத் தெரியவில்லை. 'அடடா'வுக்கு மதிப்பெண் போடலாம், தோற்றவருக்குக் காரணம் சொல்ல முடியாது.

விடை தெரிந்த வாசகர்

இரு அணியினரும் அதிகம் பேசாத ஒரு விசித்திரம் போட்டியில் உண்டு. நாளிதழ்க் குறிப்பை வாசிப்பவருக்கு விடை தெரியாது. போட்டிக் குறிப்பை வாசிக்கும் நடுவருக்கு விடை முன்பே தெரியும். நூறு தாளிலும் ஒரே விடை. பக்கத்தில் எழுதியவரின் விளக்கம் வேறு. குறிப்பு இங்கே அவிழ்க்கப்படுவதில்லை, வாசிக்கப்படுகிறது. பூட்டைத் திறந்து பார்க்காமலே பூட்டின் தரத்தைச் சொல்லும் வேலை இது.

இதன் விளைவு குறிப்பின் உருவத்தில் தெரிகிறது. கலப்பு அனகிராம் என்றொரு வகை: விடையின் எழுத்துகளோடு வேறு சில எழுத்துகளைச் சேர்த்துக் கலைத்தால், குறிப்பில் உள்ள மற்றொரு சொற்றொடர் கிடைக்கும். அதைப் பின்னோக்கிக் கழித்துத்தான் விடைக்கு வர வேண்டும். அஸெட் போட்டிகளில் பரிசு பெறும் குறிப்புகளில் இது பழக்கமான விருந்தாளி. காலை நாளிதழில் அபூர்வம். விடை தெரியாதவர் இதைக் கண்டுபிடிப்பது கடினம். விடையைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பவருக்கோ எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி மகிழ்ச்சி தரும். 'அண்ட்-லிட்' என்று ஷிமெனீஸ் பெயரிட்ட வகைக்குப் போட்டியில் உள்ள மரியாதையும் இதன் நிழலில்தான் புரிகிறது. அதில் இரண்டு பாதிகள் இல்லை. முழு வாக்கியமும் எழுத்தைக் காட்டுகிறது, அதே முழு வாக்கியமும் பொருளைச் சொல்கிறது. தமிழில் ஒன்று அமைத்துப் பார்க்கலாம்: 'தரை, கடல் இரண்டுக்கும் நடுவே திரும்பிப் பார்த்தால் தெரிவது (2)'. தரையும் கடலும் சேரும் இடத்தில் 'ரைக' இருக்கிறது. திருப்பினால் 'கரை'. நிலத்துக்கும் நீருக்கும் நடுவே நின்று திரும்பினால் தெரிவதும் கரைதான். இது எந்தச் சொல்லுக்கு என்று முன்பே தெரிந்தவருக்கு வரும் மகிழ்ச்சி, தெரியாமல் தேடுபவருக்கு வருவதைவிடக் குறைவாக இல்லை. ஒருவேளை கூடவும் இருக்கலாம்.

சொல்லப்போனால், கண்டிப்பான நடுவர் இந்தக் குறிப்பையும் விடமாட்டார். 'நடுவே' என்றால் இரண்டுக்கும் இடையில் உள்ள வெளி; இங்கோ ஆளுக்கோர் எழுத்து கடன் வாங்கப்பட்டிருக்கிறது என்பார். 'இரண்டுக்கும்' என்ற சொல்லுக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். இப்படித்தான் ஸ்லிப் எழுதப்படுகிறது.

போட்டி குறிப்பை வாசகரிடமிருந்து பிரித்துக் காட்சிப் பொருளாக்கிவிட்டது என்று இதிலிருந்து குற்றம் சாட்டலாமா? ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் நடுவர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்களாக நடந்துகொள்ளவில்லை. பொருள் மிக நைந்துபோன குறிப்புகளையும், மேல்வாசிப்பே கூடாத வாக்கியங்களையும் அவர்கள் ஒதுக்குவது இயல்பு. மேலும், விடை முன்பே தெரிந்த நிலையில் ரசிக்கப்படும் கலைகள் வேறும் உண்டு. அரிச்சந்திரன் கதை தெரியாமல் யாரும் கூத்துப் பார்க்கப் போவதில்லை. போட்டிக் குறிப்பை நாளிதழ்க் குறிப்பின் உயர்ந்த வடிவம் என்று கருதுவதிலும், அதன் கெட்டுப்போன வடிவம் என்று கருதுவதிலும் ஒரே பிழை இருக்கிறது. இரண்டும் ஒரே மொழியில் எழுதப்படும் வேறு வேறு கலைகள் என்று கொள்வதே இப்போதைக்குப் பொருத்தம்.

பிழையின்மைக்குப் பிறகு

விதிகள் கழிக்க உதவும், தேர்ந்தெடுக்க உதவா. பிழையுள்ளவற்றை நீக்கிய பிறகும் பிழையற்ற குறிப்புகள் பத்துப் பன்னிரண்டு மிஞ்சும். அவற்றில் முதல் மூன்றைப் பிரிப்பது எது? மேல்வாசிப்பின் இயல்பு, விடைக்கும் கதைக்கும் உள்ள உறவு, சிக்கனம், நகைச்சுவை என்று பதில்கள் வரும். இவற்றில் எதையும் அளக்க முடியாது. நடுவரின் ரசனை கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறது. எதை வெளியே வைப்பதற்காக விதிகள் வந்தனவோ அதுவேதான்.

நெடுங்காலம் ஒரே நடுவர் இருப்பதால் இந்தச் சிக்கல் கூடுகிறது. ஷிமெனீஸ் தம் இறப்புவரை, அவருக்குப் பின் அஸெட் பல பத்தாண்டுகள் என்று தனிமனிதர் ஒருவரின் காதுக்கு ஏற்றபடி போட்டியாளர் கூட்டம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இதை ஒரு குறையாக மட்டும் எண்ண வேண்டியதில்லை. அந்தக் கூட்டம் ஒரு சபையைப்போல் இயங்கியிருக்கிறது. லாயிட்ஸ் வங்கியின் தலைவராக இருந்த சர் ஜெரமி மோர்ஸ் அதில் முன்னணிக் குறிப்பெழுத்தாளர். அவரோடு போட்டியிட்டவர்களில் ஒருவர் காலின் டெக்ஸ்டர். 1975இல் வெளிவந்த தம் முதல் துப்பறியும் நாவலில் நாயகனுக்கு மோர்ஸ் என்றே பெயர் வைத்தார். உதவியாளர் லூயிஸின் பெயரும் அதே போட்டியில் வழங்கிய ஒரு புனைபெயரிலிருந்து வந்தது. தோற்கடித்தவரின் பெயரைக் கதாநாயகனுக்குச் சூட்டும் அளவுக்கு மரியாதை நிலவியதென்றால், தீர்ப்புகள் மொத்தத்தில் ஏற்கப்பட்டிருக்கின்றன என்றுதான் ஊகிக்க வேண்டும். ஏற்பு வேறு, சரியாக இருப்பது வேறு என்பது உண்மையே. நடுவர் குழு வைத்தால் தனி ரசனையின் சாய்வு குறையலாம். ஆனால் யாருக்கும் மனத்தாங்கல் தராத, யாரையும் துள்ளவைக்காத குறிப்புகள் மேலே வந்துவிடும் அபாயமும் உண்டு.

தமிழில் இந்த அளவுகோல் செல்லுமா

தமிழிலும் கிரிப்டிக் குறுக்கெழுத்துகள் அமைக்கப்படுகின்றன. அவற்றை அமைப்பவர்கள் ஆங்கில விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் தடுப்பவை இரண்டு. ஒன்று எழுத்தின் அளவு. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கலைத்து விளையாடலாம். தமிழில் கட்டத்துக்குள் போவது உயிர்மெய், ஆக அடிப்படை எழுத்துகள் 247. 'கை'யில் உள்ள மெய்யையும் உயிரையும் பிரித்துக் கலைக்க வழக்கம் இடம் தருவதில்லை. அதனால் முழு அனகிராம் அரிதாகிறது. ஒளித்தல், ஒட்டுதல், திருப்புதல் ஆகியவை முன்னுக்கு வருகின்றன. இரண்டாவது தடை புணர்ச்சி. 'சிவாவைத் திருப்பிப் படி' என்பதில் நடுவே தோன்றும் ஒற்றுகள் எழுத்துக் கணக்கில் சேர்ந்தவை அல்ல, வேற்றுமை உருபான ஐயும் அல்ல. தேவையற்றது எதுவும் கூடாது என்ற மூன்றாவது அம்சத்தைச் சொல்லுக்குச் சொல் பொருத்தினால் தமிழில் ஒரு குறிப்பும் தேறாது.

இதற்கு நம் பழைய மரபில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. தண்டியலங்காரம் சித்திரகவிகளுள் ஒன்றாக வினாவுத்தரத்தை வைக்கிறது. திருமகள் யார், போகிறவனை ஏவுபவன் என்ன சொல்வான், கணைக்குப் பெயர் என்ன, அழகின் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே போய், திரு, ஏகு, அம்பு, அம் என்று வரும் விடைகளை ஒட்டி, சிவன் உறையும் தலம் எது என்ற கடைசிக் கேள்விக்குத் திருவேகம்பம் என்று முடிப்பது அதன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. ஒட்டுக் குறிப்பின் இலக்கணம் இதில் ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது. திருவுக்கும் ஏகுவுக்கும் இடையே உடம்படுமெய் வகரம் தோன்றுவதையும், ஏகு, அம்பு இரண்டின் இறுதி உகரம் கெடுவதையும் யாரும் பிழை என்று சொல்லவில்லை. புணர்ச்சியைக் குறிப்பின் பசையாக ஏற்கும் விதி தமிழுக்குப் புதிதல்ல என்று சொல்ல இது போதும். சித்திரகவியிலிருந்து கிரிப்டிக் பிறந்தது என்று யாராவது கிளம்பினால் அதற்கு ஆதாரமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம். இரண்டும் தனித்தனியாக முளைத்தவை. ஒன்றில் ஒட்டும் இடத்தில் நெகிழ்ச்சி உண்டு, மற்றொன்றில் இல்லை.

தீராமல் நிற்பவை

கண்டிப்பான மரபின் கொள்கை, அதாவது நினைத்ததைச் சொல்லியாக வேண்டும் என்பது, எதிர்வாதங்களைத் தாங்கி நிற்கிறது என்றே படுகிறது. தளர்ச்சி அணியின் நல்ல குறிப்புகள்கூட அந்தக் கொள்கையை மீறுவதில்லை. அதன் நுணுக்க விதிகளைத்தான் மீறுகின்றன. நுணுக்க விதிகள் போட்டிக்கு வேண்டியவை. நாளிதழுக்கு அவை எந்த அளவுக்கு வேண்டும் என்பது முடிவாகாத கேள்வி. போட்டிக்குள்ளும், விடை மறைக்கப்பட்ட நிலையில் குறிப்புகளை இன்னொருவரிடம் கொடுத்து அவிழ்க்கச் சொல்லி, அதையும் மதிப்பீட்டில் சேர்த்தால் பரிசுப் பட்டியல் எவ்வளவு மாறும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். கலப்பு அனகிராம்கள் இறங்கும், ஒளித்தல் குறிப்புகள் ஏறும் என்று எதிர்பார்க்கலாம். அண்ட்-லிட் எங்கே நிற்கும் என்று சொல்வது கடினம்.

கணினியின் வரவு இன்னொரு பக்கத்தைத் திறக்கிறது. ஒரு சொல்லின் எழுத்துகளை எத்தனை வகையில் கலைக்கலாம் என்பதை நொடியில் பட்டியலிடும் நிரல்கள் இருக்கும்போது, அரிய அனகிராமைக் கண்டெடுத்ததற்கு முன்பு கிடைத்த பாராட்டு இனியும் நியாயமா? மதிப்பெண் முழுக்க மேல்வாசிப்புக்கு நகர்ந்தால், விதிகளால் அளக்க முடியாத பகுதியே போட்டி முழுவதையும் தீர்மானிப்பதாகிவிடும். தமிழில் நிலைமை வேறு. இங்கே கலைக்கக் கிடைக்கும் சொற்களே குறைவு என்பதால் தேடலின் சுமை ஒட்டுவதிலும் ஒளிப்பதிலும் இருக்கிறது. சந்தியைக் கணக்கில் எடுப்பதா விடுவதா என்பதிலும் இன்னும் ஒரே வழக்கம் நிலைபெறவில்லை. மாதாமாதம் தீர்ப்பெழுதி, ஏன் தள்ளினேன் என்று தோற்றவருக்குக் காரணம் சொல்லும் ஒரு ஸ்லிப் தமிழில் தொடர்ந்து வந்தால், அதன் முதல் சில தாள்கள் ஒற்று மிகும் இடங்களைப் பற்றியே பேசக்கூடும்.